நாரை பாட்டிலுக்கு நான் செய்தது

சேசு மரி சூசை துணை

சுவாமி அவர்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். குறையாகச் சொல்லவில்லை, எழுபது வயதில் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டவர் சொல்வது தங்கள் காதில் விழுவதற்குள் வரிசையில் நிற்கிற இருபது பேர் காதிலும் விழுந்துவிடுகிறது. போன வருடம் மேட்டுத்தெருக்காரர் ஒருவர் பக்கத்து வயல் வரப்பை ஒரு முழம் நகர்த்திய பாவத்தைத் தங்களிடம் மூன்று தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பரிகார செபத்தை முடித்து வெளியே வருவதற்குள் பக்கத்து வயல்காரர் அளவுக் கயிற்றோடு வரப்பில் நின்றார். ஆகவே இந்தத் தபசுகாலத்துக்கு என் பாவங்களை எழுதியே தந்துவிடுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படிக்கவும்.

சில்லறைப் பாவங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வெள்ளிக்கிழமைகளில் கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன், கறியைத் தொடவில்லை. என் மனைவி ரோசம்மாவை ஒரு தடவை அதட்டினேன். தங்கள் பிரசங்கத்தின்போது தூங்கினேன். மற்றபடி, மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் பிலவேந்திரன் யாருக்காவது தீங்கு செய்தான் என்று இந்த ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பாட்டில் விஷயம் ஒன்றுதான் மீதி இருக்கிறது.

மதுவிலக்கு இருந்தபோது நம் ஊரில் பெர்மிட் வைத்திருந்தவர்கள் நான்கு பேர். மருந்தாகக் குடித்தே ஆக வேண்டிய உடம்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பெர்மிட் கிடைக்கும். மாந்தோப்புக் காளியப்பனுக்கு இருதயம். பத்திர ஆபீஸ் குமாஸ்தா அர்ச்சுனனுக்குத் தூக்கமின்மை. தபால்காரர் சின்னப்பனுக்குப் பர்மா சண்டையில் பிடித்த மலேரியா. எனக்கு நரம்பு. ஊரில் எங்கள் நான்கு பேரைவிட ஆரோக்கியமான ஆட்கள் அப்போது இல்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு காளியப்பன் தோப்பு மோட்டார் அறையில் கூடுவோம். வீட்டில் 'பெர்மிட் கமிட்டி' என்று சொல்லியிருந்தோம். கமிட்டி என்றால் பெண்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. அர்ச்சுனன்தான் சேலம் போய் எல்லாருடைய பங்கையும் வாங்கி வருவார். விஸ்கிகளின் பெயர்கள் வாயில் நுழையாததால் பாட்டிலின் மேலே ஒட்டியிருக்கிற படத்தை வைத்துத்தான் எங்களுக்குள் பேச்சு.

காளியப்பனுக்கு மீசைக்காரர் படம் போட்டதுதான் பிடிக்கும். ஒரு இளநீரை வெட்டி, பாதித் தண்ணீரைத் தான் குடித்துவிட்டு, அந்த இடத்தில் விஸ்கியை ஊற்றி, குலுக்கி, கால்மணி நேரம் கிணற்று மேட்டில் வைப்பார். தொட்டுக்கொள்ள அவர் காட்டிலேயே விளைந்த வேர்க்கடலை. "சீமைச் சரக்கா இருந்தாலும் நம்ம மண்ணுல எறங்கித்தான் ஆவணும்" என்பார். அர்ச்சுனனுக்கு மணிக்கூண்டு. பேனாவுக்கு மை போடுகிற பில்லரை வெந்நீரில் கழுவிக் கொண்டுவந்து, அதால் இரண்டே சொட்டுத் தண்ணீர் விடுவார். மூன்றாவது சொட்டு விழுந்துவிட்டால் அதைக் காளியப்பனிடம் தள்ளிவிட்டு வேறு ஊற்றிக்கொள்வார். பிறகு குடிக்க மாட்டார், முகருவார். "பூட்டிக் கெடந்த பீரோவத் தெறந்தாப்புல வருது பாருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். காளியப்பனும் முகர்ந்து பார்த்து, "ஆமாய்யா, உள்ள பட்டுப்பொடவைகூட இருக்குது" என்பார்.

நான் அவுன்ஸ் கிளாஸில் இரண்டு அவுன்ஸ் ஊற்றி, இரண்டு அவுன்ஸ் தண்ணீர் சேர்த்து, ஒரே மூச்சில் விழுங்குவேன். மருந்துக்கு எழுதிக் கொடுத்ததை மருந்துபோல் குடிப்பதுதான் முறை. இதைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். "கம்பவுண்டருக்கு நாக்கு கெடையாதுப்பா, தொண்டை மட்டுந்தான்" என்று காளியப்பன் ஒருநாள் சொன்னார். அது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பிறகு மாதாமாதம் சொன்னார்கள். நானும் கூடச் சிரித்தேன். வருத்தம் ஒன்றுமில்லை. ஏழரை வருடத்தில் தொண்ணூறு தடவைக்குள்தான் சொல்லியிருப்பார்கள்.

சின்னப்பன் கதை வேறு. பர்மாவில் துரைமார் மெஸ்ஸில் ஆர்டர்லியாக இருந்தவர். குடிக்கும்போது உட்காரவே மாட்டார். எழுந்து நின்று, ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் மனதுக்குள் பத்து எண்ணி, விழுங்கிவிட்டு மூக்கால் மூச்சு விடுவார். நாங்களும் செய்து பார்த்தோம். காளியப்பன் ஏழில் இருமிவிட்டார். விஸ்கி விஷயத்தில் சின்னப்பன் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. ஆனால் அவர் ஒரு தடவைகூட பாட்டிலுக்குப் பணம் கொடுத்ததில்லை. தபால்காரர் குடும்பத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா? பெர்மிட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்; மற்றவர்கள் ஊற்றுவார்கள். மூன்று சென்ட் நிலம்கூட இல்லாத மனிதர் அந்த அறையில் தலைநிமிர்ந்து நின்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அது நாரை.

நாற்பத்தாறில் பட்டாளம் கலைந்தபோது மேஜர் துரை தம் கையால் கொடுத்த பாட்டில் அது. காகிதத்தில் இரண்டு நாரைகள் ஒற்றைக் காலில் நிற்கும். கழுத்தில் சிவப்பு அரக்கு. இருதய ஆண்டவர் படம் இருக்கிற வீட்டில் சாராயம் கூடாது என்று அவர் மனைவி ஆரோக்கியம்மாள் சொல்லிவிட்டதால், அறுபத்து நாலில் அதை என்னிடம் கொடுத்து வைத்தார். ஆஸ்பத்திரி விஷ அலமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் என் இடுப்பில். இந்தத் தாலுகாவிலேயே அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

முதல் சனிக்கிழமைகளில் துண்டில் சுற்றி அதைக் கொண்டுபோவேன். நடுவில் முக்காலியில் வைப்போம். காளியப்பன் தம் மேல்துண்டால் துடைப்பார். அர்ச்சுனன் காகிதத்தில் இருக்கிற இங்கிலீசை உரக்கப் படிப்பார். எல்லாரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். முடிந்ததும் திரும்ப அலமாரிக்கு. ஒரு தடவை காளியப்பன் கறவை எருமை ஒன்றைத் தருவதாகச் சொன்னார்.

"புஷ்பமேரி கலியாணத்தன்னிக்கி, மொதப் பந்தி எழுந்ததும் தெறப்பன். அது வரைக்கும் மேசர் தொரையே வந்து கேட்டாலும் தர மாட்டனுங்க" என்றார் சின்னப்பன். புஷ்பமேரி அவருக்கு ஒரே மகள். எருமைக்கு மறுப்புச் சொல்கிற தபால்காரரைக் காளியப்பன் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று அவருக்கு இரண்டு பங்கு ஊற்றினார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அறுபத்து நாலு ஐப்பசியில் காளியப்பன், "மூடி காஞ்சி உள்ளயே கெட்டுப் போயிருக்குமோ என்னமோ" என்றார். பொறுப்பாளன் என்ற முறையில் அந்த வார்த்தை என்னை உறுத்தியது. ஒரு பொருளைக் காவல் காக்கிறவன் அது நல்லபடியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? மாடுகளுக்குச் சப்பை நோய் ஊசி போடுகிற சிரிஞ்சின் நீள ஊசியை எடுத்துக் கழுவினேன். பெரும்பாலும் கழுவுவேன். அரக்கை ஓரத்தில் லேசாகச் சூடுகாட்டி, ஊசியைத் தக்கைக்குள் இறக்கி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து ஐந்தே சி.சி. எடுத்தேன். அரக்கைத் தடவி மூடினால் அடையாளமே தெரியவில்லை. நம் தபாலாபீஸ் அரக்கைப் போலவே இளகி, அதே மணம் மணத்தது. துரைமாரும் அதே அரக்கைத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்று அறிந்துகொண்டேன்.

எடுப்பதற்கு முன் ஐந்து சி.சி. உள்ளே செலுத்தியிருந்தேன் என்பதைக் கவனிக்கவும். கொடுத்துவிட்டுத்தான் எடுத்தேன். ஒரு துளிகூடக் குறையவில்லை. உள்ளே செலுத்தியது சுத்தமான ஸ்பிரிட். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். நிறத்துக்குக் கன்றுக்குட்டிக் கழிச்சலுக்குக் கொடுக்கிற காசுக்கட்டி டிங்சர். காரத்துக்குச் சுக்கு டிங்சர். வாசனைக்கு ஒரு சொட்டு டர்பன்டைன். டர்பன்டைன் மாட்டு வயிற்று உப்புசத்துக்குக் கொடுப்பது. இதுவரை எந்த மாடும் குறை சொன்னதில்லை.

அந்த ஐந்து சி.சி.யின் ருசியைத் தங்களுக்கு எப்படிச் சொல்வது? சின்னப்பன் முறைப்படி எழுந்து நின்று, பத்து எண்ணினேன். எரிச்சல் கொஞ்சமும் இல்லை. முதலில் நாக்கை அப்படியே பிடித்து நிறுத்துகிற துவர்ப்பு. அடியில் வெல்லம் போன்ற ஒரு மெல்லிய இனிப்பு. அதன் மேல் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன், தண்ணீரே தித்தித்தது. மீசைக்காரரும் மணிக்கூண்டும் இதன் கால்தூசு பெறாது. நாக்கு இல்லாதவனுக்கு இவ்வளவு தெரியுமா? வீட்டுக்கு நடந்தபோது கால் தரையில் பாவவில்லை. நம் கோயில் சிலுவையைப் பார்த்துக் காரணமில்லாமல் அழுதேன். ரோசம்மா கதவைத் திறந்து, "என்னா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?" என்று கேட்டாள். மறுநாள் காலை, மன்னிக்கவும், வயிறு பளிங்குபோல் சுத்தமாகிவிட்டது. மட்டச் சரக்கு குடலைக் கட்டும். உயர்ந்த சரக்கு இளக்கும். இதையும் அன்றுதான் அறிந்தேன்.

பிறகு மாதம் ஒருமுறை பரிசோதித்தேன். ஐந்து பத்தாயிற்று, இரண்டாம் வருடத்திலிருந்து இருபது. கமிட்டிக்குக் கிளம்புவதற்கு முன், விஷ அலமாரிக் கதவு மறைவில். அதன் பிறகு மோட்டார் அறையில் அவர்கள் என் நாக்கைப் பற்றிப் பேசும்போது நான் எதிரில் இருக்கிற முக்காலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். அந்த நிம்மதியைப் பாவம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வருடம் ஏற ஏற நாரை முதிர்ந்தது. நல்ல சரக்கு வயதாக வயதாகத்தான் வீரியம் பிடிக்கும் என்று அர்ச்சுனன் புத்தகம் பார்த்துச் சொல்லியிருக்கிறார். முதல் வருடம் பச்சைக் குழந்தைபோல இறங்கியது, மூன்றாம் வருடம் தொண்டையைத் தொட்டது, ஆறாம் வருடம் காதில் சூடு வந்தது. துவர்ப்பு மட்டும் போகப்போகக் குறைந்துகொண்டு வந்தது. கண் முன்னாலேயே ஒரு விஸ்கி வளர்வதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை கம்பவுண்டர்களுக்குக் கிடைத்திருக்கும்?

இதில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அறுபத்தைந்து மார்கழியில் தாங்கள் இருமலால் நடுப்பூசையில் நின்றுபோனது நினைவிருக்கும். நான் ஒரு சின்னக் குப்பியில் இரண்டு அவுன்ஸ் மருந்து கொண்டுவந்து கொடுத்தேன். பாட்டிலில் அந்த இரண்டு அவுன்ஸையும் ஈடு செய்துவிட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. "நெஞ்சும் இளகிற்று, வயிறும் இளகிற்று, பிலவேந்திரா, இன்னும் கொஞ்சம் உண்டா?" என்று தாங்கள் கேட்டீர்கள். அந்தக் கேள்வி எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. குருவானவரே கேட்கிறார் என்றால் சரக்கில் தவறில்லை.

எழுபத்தொன்றில் மதுவிலக்கை எடுத்தார்கள். கடைத்தெருவிலேயே கடை வந்துவிட்டது. எங்கள் வியாதிகள் எல்லாம் ஒரே நாளில் குணமாயின. "பெர்மிட்டு இருந்தப்ப ஒரு மரியாதி இருந்திச்சி. இப்ப எவன் வேணாலும் குடிக்கறான்" என்று காளியப்பன் மனம் உடைந்து போனார். கமிட்டிக்கு மிஞ்சிய பெருமை நாரை ஒன்றுதான். அந்த மார்கழியிலேயே புஷ்பமேரிக்கு மாப்பிள்ளை அமைந்தது. கோயிலில் மூன்று கல்யாண ஓலையும் தாங்களே வாசித்தீர்கள். தை மாதம் கல்யாணம், காளியப்பன் தோப்பில் விருந்து. மாப்பிள்ளையின் பெரியப்பா சவரி என்பவர் கோலார் தங்கவயலில் துரைமார் கிளப்பில் நாற்பது வருடம் கிளாஸில் ஊற்றியவர். இது தெரிந்ததும் காளியப்பன் துள்ளினார். "இன்னிக்கித் தெரிஞ்சிரும்யா, நாரையா கொக்கான்னு. வெறுந்தண்ணியா இருந்துச்சின்னா சம்பந்தி முன்னாடி தபால்காரரு கதி என்னா?" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு சின்னப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. கையில் பிடித்தபடியே நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"பிலவேந்திரா, ஒண்ணு கேக்கறன். பாட்டுலு கை தவறி ஒடைஞ்சி போச்சின்னு சொல்லிடலாமா?"

"ஏன்?"

"சும்மாதான். ஒனக்கு ஒண்ணும் கெட்ட பேரு வராது. நானே ஒடைச்சன்னு சொல்லிக்கறன்."

பிரிய மனமில்லாமல் கேட்கிறார் என்று நினைத்தேன். இருபத்தைந்து வருடம் வைத்திருந்த பொருள் அல்லவா? உடைந்துபோயிற்று என்று சொல்லியிருந்தால் எனக்கும் நல்லதுதான்; எப்படிப் பார்த்தாலும் உள்ளே இருந்ததில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி அலமாரியிலிருந்து போனது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த மூன்று நாக்குகளும் என்ன சொல்லும் என்று கேட்க எனக்கு ஏழு வருடத்து ஆசை. "சொன்ன சொல்லைக் காப்பாத்து, சின்னப்பா. சம்பந்தி வூட்டுக்காரங்க வராங்க" என்றேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓட்டவில்லை.

முதல் பந்தி எழுந்தது. மாமரத்தடியில் ஐந்து நாற்காலி. நான் துண்டை விலக்கி நாரையை வைத்தேன். அரக்கை உடைக்கும்போது சின்னப்பனுக்குக் கத்தி இரண்டு தடவை வழுக்கியது. கிளாஸ்களில் நான்தான் ஊற்றினேன், அளவு பிசகாமல். சவரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். சவரியின் கண்கள் மெல்ல அகலமாகி, நீர் கோத்து, பிறகு மூடின. சின்னப்பன் நாற்காலிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் சவரி பேசினார். "நாப்பது வருசம் கிளப்புல ஊத்திருக்கறனுங்க. சாமி சத்தியமா, இந்த மாதிரி ஒண்ண நான் ஊத்துனதே இல்ல."

தோப்பே ஆர்ப்பரித்தது. காளியப்பன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "மரத்து வாசனை வருதுய்யா! தேவதாரு பீப்பாயில போட்டு வச்சிருக்கறான்!" அர்ச்சுனன் பில்லரை எடுக்கவே மறந்துபோனார். "கப்பல்ல வந்த சரக்குங்க. தார் மணம் தனியா தெரியுது. இதுல தண்ணி உடறது பாவம்." மரமும் தாரும் ஒரு சொட்டு டர்பன்டைன், சுவாமி. அப்படிப்பட்ட நாக்குகள்தான் ஏழு வருடம் என்னைப் பார்த்துச் சிரித்தன. அன்று எல்லாரும் மூன்று தடவை கறிச்சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் உப்புசம் இல்லை. அந்த மருந்தின் குணம் அது.

சின்னப்பன் கடைசியாகக் குடித்தார். வாயில் வைத்துப் பத்து எண்ணவில்லை, இரண்டிலேயே விழுங்கிவிட்டார். கிளாஸைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், அப்படியே மண்ணில் முழங்கால் போட்டுச் சிலுவை வரைந்துகொண்டு அழுதார். மேஜர் துரையை நினைத்து அழுகிறார் என்று எல்லாரும் அமைதியாகத் தொப்பியையும் துண்டையும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது நினைத்தேன். என் மனது சுத்தமாக இருந்தது. அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்திருக்காது.

சென்ற சனிக்கிழமை பாவசங்கீர்த்தன வரிசையில் சின்னப்பன் எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றார். தாங்கள் வழக்கம்போல "சத்தமாச் சொல்லப்பா" என்றீர்கள். பட்டாளத்துக்காரர், சத்தமாகத்தான் சொன்னார்.

"சாமி, அந்தப் பாட்டுலுல இருந்தத நானே குடிச்சித் தீத்துட்டனுங்க. அம்பதுல, புஷ்பமேரி பொறந்த அன்னிக்கி. பாட்டுல தூக்கிப்போட மனசு வரல. கம்பவுண்டராண்ட குடுக்கறப்ப, சித்தேரி மலைக் கடுக்காயும் வெல்லமும் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி ஊத்தி, ஆபீசு அரக்கத் தடவிக் குடுத்தனுங்க. இத்தினி வருசமா எல்லாரையும் ஏமாத்தி ஓசியில குடிச்சன். கலியாணத்தன்னிக்கி மானம் போயிரும்னு செத்துப் பொழைச்சன். ஆனா சாமி, குடிச்சிப் பாத்தா நெசமாவே சரக்கா இருக்குதுங்க! கானாவூருக் கலியாணத்துல தண்ணி ரசமான மாதிரி, எம் மவ கலியாணத்துல ஆண்டவரு எனக்குப் பண்ணிக் குடுத்தாருங்க!"

தாங்கள் அழுதீர்கள். பின்னால் நின்ற ஆரோக்கியம்மாளும் அழுதாள். சாராயம் கூடாது என்று பாட்டிலை வீட்டை விட்டு அனுப்பிய அதே ஆரோக்கியம்மாள். அதற்கு மறுநாளிலிருந்து நடப்பதைத் தாங்களே பார்க்கிறீர்கள். காலிப் பாட்டிலைக் கெபியில் மாதாவின் காலடியில் வைக்க வேண்டும் என்று சின்னப்பன் மனு கொடுத்திருக்கிறார். சித்தேரி பஸ்ஸில் வருகிற கடுக்காய் மூட்டை அரூர் சந்தையைத் தாண்டி நேரே நம் தெருவுக்கு வருகிறது. நேற்றுப் பூசையில் பீடத்தின் கீழ் கடுக்காய்த் தண்ணீர் நிரப்பிய பதினொரு பாட்டில்கள் இருந்தன. தாங்கள் அவற்றைத் தீர்த்தத்துக்கு என்று நினைத்து மந்திரித்துவிட்டீர்கள். அதில் இரண்டு காளியப்பனுடையவை. அவர் நம் வேதத்திலேயே இல்லை.

இதற்கு மேல் நான் மௌனமாக இருப்பது முறையாகாது. அன்று அவர்கள் குடித்தது நான் ஊசியால் ஏற்றிய மாட்டு மருந்து. அதில் அற்புதம் எதுவும் இல்லை. இதைத் தாங்கள் சின்னப்பனிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனிதர் நொந்துபோவார், தெரிகிறது. கல்யாணத்திலிருந்து அவர் தெருவில் நடக்கிற நடையே வேறாக இருக்கிறது, கடிதம் கொடுக்கிற வீட்டிலெல்லாம் ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறார். அதெல்லாம் போய்விடும். அதற்கு நான் என்ன செய்வது?

ஆனால் அவர் சொன்னதில் பாதி பொய் என்பதையும் தாங்கள் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கடுக்காய் என்கிறாரே, அது எப்படி? பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்வது எவ்வளவு பெரிய பாவம்! ஏழு வருடம் குடித்தவன் நான். அந்தத் துவர்ப்பு, அந்த அடி இனிப்பு, தண்ணீரைத் தித்திக்க வைத்த அந்த மகிமை, மறுநாள் காலையின் அந்தச் சுத்தம், இவையெல்லாம் கடுக்காய்க்கு வருமா? தினமும் மாட்டுக்குக் கடுக்காய் காய்ச்சி ஊற்றுகிற கம்பவுண்டருக்கு அந்த ருசி தெரியாமலா போய்விடும்? தாங்களும் இரண்டு அவுன்ஸ் குடித்திருக்கிறீர்கள், தாங்களே சாட்சி.

என் மனச்சாட்சிக்காக இன்னொரு பரிசோதனையும் செய்தேன். பெங்களூர் போகிற லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி அசல் சீமைச் சரக்கு ஒன்று வரவழைத்தேன். முந்தாநாள் திறந்து, நின்றபடி பத்து எண்ணிக் குடித்தேன். வெறும் எரிச்சல். துவர்ப்பு இல்லை, தித்திப்பு இல்லை, மறுநாள் வயிறும் அசையவில்லை. போலி என்று எழுதி அதை லாரிக்காரரிடமே திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகவே சுவாமி, நண்பனின் பாட்டிலிலிருந்து ஏழு வருடம் திருடினேன் என்று முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். எத்தனை செபமாலை வேண்டுமானாலும் சொல்கிறேன், முழங்காலில் கோயிலைச் சுற்றச் சொன்னாலும் சுற்றுகிறேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விஸ்கி திருடியவனுக்கு என்ன பரிகாரமோ அதையே கொடுங்கள். கடுக்காய்த் தண்ணீர் திருடியவனுக்கு உள்ள பரிகாரத்தை நான் செய்ய மாட்டேன்.